சர்வ்லெட்டை நிறுத்துவது: நிரந்தரமாகவா, சில வினாடிகளுக்கா, அல்லது நாமே 503 அனுப்பலாமா?

டேட்டாபேஸ் கிடைக்கவில்லை என்றால் சர்வ்லெட் (வெப் ரிக்வெஸ்ட்டுக்குப் பதில் தரும் ஜாவா கிளாஸ்) என்ன செய்ய வேண்டும்? ஜாவாவில் இதற்கென்றே, 'இந்த சர்வ்லெட் கிடைக்காது' என்று சொல்ல எறியும் அன்அவைலபிள்எக்ஸெப்ஷன் இருக்கிறது. கன்ஸ்ட்ரக்டருக்குச் செய்தியை மட்டும் கொடுத்தால் நிரந்தரம், கூடவே வினாடிக் கணக்கும் கொடுத்தால் தற்காலிகம். பார்க்க அந்த ஒரு எண்தான் வித்தியாசம்.

நிரந்தரம் என்று சொன்னால் கன்டெய்னர் (சர்வ்லெட்டுகளை இயக்கும் டாம்கேட் போன்ற சர்வர்) அந்த சர்வ்லெட்டைச் சேவையிலிருந்து எடுத்துவிடும், மூடும்போது ஓடும் டெஸ்ட்ராய் மெத்தடை அழைத்து இன்ஸ்டன்ஸையும் கைவிட்டுவிடும், அதற்குப் பிறகு வரும் ரிக்வெஸ்ட்டுக்கெல்லாம் 404தான், அதாவது 'பக்கமே இல்லை' என்ற பதில். இந்த 404 என்னை ஒருமுறை நன்றாகப் படுத்தியது. ரிப்போர்ட் சர்வ்லெட் ஒன்றில் எஸ்க்யூஎல் பிழை எது வந்தாலும் பிடித்து, வினாடி கொடுக்காமல் இந்த எக்ஸெப்ஷனை எறிந்திருந்தோம். இரவு 2 மணிக்கு டேட்டாபேஸை ரீஸ்டார்ட் செய்தார்கள், ஒரு நிமிடத்துக்குள் அது எழுந்தும்விட்டது. ஆனால் காலையில் வந்தவர்கள் எல்லோருக்கும் 404. யூஆர்எல் தப்போ, பிராக்ஸி மேப்பிங் தப்போ, வார் ஃபைல் சரியாக டிப்ளாய் ஆகவில்லையோ என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் தேடினோம். கடைசியில் டாம்கேட் லாகில், 2 மணிக்கு நேராக, 'மார்க்கிங் சர்வ்லெட் அஸ் அன்அவைலபிள்' என்று ஒரே ஒரு வரி கிடந்தது.

வினாடி கொடுத்திருந்தால் 503, அதாவது 'சேவை இப்போதைக்கு இல்லை' என்ற பதில் போயிருக்கும், எப்போது திரும்ப வரலாம் என்று சொல்லும் ரீட்ரை-ஆஃப்டர் ஹெடரும் கூடவே போயிருக்கும், நேரம் முடிந்ததும் சர்வ்லெட் தானாகத் திரும்பியிருக்கும். பூஜ்யமோ மைனஸோ கொடுத்தால் டாம்கேட் 60 வினாடி என்று எடுத்துக்கொள்கிறது. ஆனால் இதிலும் இரண்டு சிக்கல். ஒன்று, மூடப்படுவது முழு சர்வ்லெட். எல்லா யூஆர்எல்லும் ஒரே சர்வ்லெட் வழியாகப் போகிற அப்ளிகேஷன் என்றால், ஒரு பக்கத்தின் பிரச்சினைக்கு மொத்தக் கடைக்கும் ஷட்டர் போட்ட மாதிரி ஆகிவிடும். இன்னொன்று, எல்லாவற்றையும் நிரந்தரமாகவே எடுத்துக்கொள்ள கன்டெய்னருக்கு சர்வ்லெட் ஸ்பெசிஃபிகேஷனே அனுமதி தருகிறது, அதனால் நீங்கள் கொடுத்த 30 வினாடியை வேறொரு கன்டெய்னர் மதித்தே ஆக வேண்டும் என்றில்லை.

மூன்றாவது வழி, எதையும் எறியாமல் நாமே ரெஸ்பான்ஸில் 503ஐயும் ரீட்ரை-ஆஃப்டரையும் வைத்து அனுப்புவது. சர்வ்லெட் உயிரோடு இருக்கும், டேட்டாபேஸ் தேவைப்படாத பக்கங்கள் தடையில்லாமல் ஓடும். ரிக்வெஸ்ட்டைக் கையாளும் இடத்தில் என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் டைம்அவுட்டைக் கவனிக்காமல் இதைச் செய்யவே கூடாது. ஹிகாரி கனெக்‌ஷன் பூல் (டேட்டாபேஸ் இணைப்புகளைத் திறந்து வைத்துப் பகிரும் லைப்ரரி) ஓர் இணைப்புக்காக டீஃபால்ட்டாக 30 வினாடி காத்திருக்கும், ஆளுக்கொரு ரிக்வெஸ்ட்டைக் கையாளும் டாம்கேட் த்ரெட்டுகளின் டீஃபால்ட் எண்ணிக்கை 200. வினாடிக்கு 7 ரிக்வெஸ்ட் வந்தாலே அரை நிமிடத்தில் எல்லா த்ரெட்டும் டேட்டாபேஸுக்காகக் காத்து நிற்கும், அப்புறம் ஓட வேண்டிய மற்ற பக்கங்களும் ஓடாது. டைம்அவுட்டை 2, 3 வினாடிக்கு இறக்கிவிட்டுத்தான் இந்த வழிக்கு வர வேண்டும். எக்ஸெப்ஷனில் இந்தத் தொல்லை குறைவு, ஒருமுறை எறிந்த பிறகு வரும் ரிக்வெஸ்ட்டுகளை கன்டெய்னர் நம் கோடுக்குள் வராமலே திருப்பி அனுப்பிவிடும்.

சர்வ்லெட் தொடங்கும்போது ஓடும் இனிட் மெத்தட் விஷயம் வேறு. அங்கே எக்ஸெப்ஷன்தான் சரி. கான்ஃபிக் ஃபைலே இல்லையென்றால் நிரந்தரம், அதை ஆள் வந்துதான் சரிசெய்ய வேண்டும். டேட்டாபேஸும் அப்ளிகேஷனும் ஒன்றாக பூட் ஆகிற இடத்தில் டேட்டாபேஸ் கொஞ்சம் பின்தங்கினால் தற்காலிகம். கொடுத்த நேரம் கழியும் வரை கன்டெய்னர் பொறுத்திருந்து, புது இன்ஸ்டன்ஸ் உருவாக்கி மறுபடி இனிட்டை அழைக்கும். இங்கே ஒன்றை மறக்கக் கூடாது: இனிட் தோற்றால் டெஸ்ட்ராய் அழைக்கப்படாது. பாதியில் திறந்த கனெக்‌ஷன், ஃபைல் எதுவாக இருந்தாலும் எக்ஸெப்ஷனை எறிவதற்கு முன்னால் நீங்களே மூடிவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு மறுமுயற்சியிலும் ஒன்றொன்றாகக் கசிந்துகொண்டே இருக்கும்.