புடு சிறைவாயிலில் நிறைவுறும் வரலாற்று நடை

கோலாலம்பூரில் தமிழில் நடத்தப்படும் வரலாற்று நடைச் சேவை ஒன்றில் அண்மையில் கலந்துகொண்டேன். செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய லெபோ அம்பாங் பகுதி விரைவில் கடந்துவிடுகிறது. கட்டணத்திற்கு உரிய மதிப்பு, இடிக்கப்பட்ட பழைய புடு சிறையின் எஞ்சிய நுழைவாயிலின் முன் நிற்கும்போதுதான் கிடைக்கிறது.

அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டின் பேரில் பிரிட்டிஷ் ஆட்சியின் அவசரகாலச் சட்டத்தின்கீழ் மரண தண்டனை பெற்று, இந்திய அரசு கருணை கோரியும் பயனின்றி, 1949 மே 4ஆம் நாள் இச்சிறையில் தூக்கிலிடப்பட்டார். வழிகாட்டி இதை மிகைப்படுத்தாமல், ஆண்டு பிசகாமல் எடுத்துரைத்தார். அதே மாதத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் வீரசேனனையும் அவர் மறக்காதது மனநிறைவளித்தது. சிறை இருந்த நிலத்தில் இன்று பேரங்காடி இயங்குவதால், கூட்டத்தின் நடுவே நின்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது.

பெருங்குறை ஒன்று உண்டு. கணபதி இறந்த விதம் விரிவாகச் சொல்லப்பட, அவர் எதற்காக வாழ்ந்தார் என்பது ஓரிரு வாக்கியங்களில் முடிந்துவிட்டது. தோட்டத் தொழிலாளரின் கூலிப் போராட்டங்களையும், 1948இல் அச்சம்மேளனம் முடக்கப்பட்டதையும் விளக்காவிட்டால், கொள்கைக்காக இறந்தவர் வெறும் துயரக் கதையின் நாயகனாகிவிடுகிறார். நம் நினைவேந்தல் கூட்டங்கள் பலவற்றிலும் இதுவே நேர்கிறது. கேட்டபோது வழிகாட்டி பொறுமையாகவும் தெளிவாகவும் விளக்கினார் என்பதால், பதின்ம வயதுப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் தொழிற்சங்க வரலாறு குறித்த கேள்விகளுடன் செல்லுமாறு பரிந்துரைக்கிறேன்.