பழைய காரில் வேக்குவம் குறைந்தால்: கேஜ் முள்ளை நம்பலாமா?

கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர் முதலில் வாங்க வேண்டிய கருவி எது என்று கேட்டால், வேக்குவம் கேஜ் என்றுதான் சொல்வேன்: எஞ்சின் காற்றை இழுக்கும்போது உண்டாகும் உறிஞ்சலை (வேக்குவத்தை) அளக்கும் கருவி அது. சாதாரண டயல் கேஜே வருடக்கணக்கில் உழைக்கும். அதில் முதலில் கெடுவது கூடவே வரும் ரப்பர் ஹோஸும், அதை மாட்ட உதவும் கோன் வடிவ இணைப்புகளும்தான். அவை இறுகி வெடித்துவிட்டால், எஞ்சினில் இல்லாத லீக்கைக் கேஜ் காட்டும். அதனால் அவ்வப்போது கையால் இழுக்கும் வேக்குவம் பம்பில் மாட்டி, முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் காற்றும் பெட்ரோலும் போகும் குழாய்) நேராக வரும் போர்ட்டில், அதாவது ஹோஸ் மாட்டும் வாயில், மாட்டுங்கள். திராட்டில் தட்டுக்கு (ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் திறக்கும் தட்டு) மேலே உள்ள போர்ட்டில் மாட்டினால் ஐடிலிங்கில் முள் ஏறவே ஏறாது. வீண் பயம்தான் மிஞ்சும். கடல் மட்டத்தில் நல்ல எஞ்சின் 17 முதல் 22 இன்ச் (பாதரச அளவில்) வரை ஐடிலிங்கில் ஆடாமல் காட்டும். 1000 அடி உயரத்துக்குச் சுமார் 1 இன்ச் குறையும். ரேஸ் கேம் (வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம்ஷாஃப்ட்) போட்ட எஞ்சினில் 12 இன்ச் வந்தாலும் அது கோளாறாக இருக்கவேண்டியதில்லை.

குறைந்த அளவில் முள் அசையாமல் நின்றால் பலரும் கார்புரேட்டரைக் கழற்றத்தான் ஓடுகிறார்கள். அதற்கு முன் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தை, பாருங்கள். 14, 15 இன்ச்சில் முள் அமைதியாக நிற்பதற்கு இக்னிஷன் டைமிங் பின்தங்கியதே காரணமாக இருப்பதுண்டு. வேக்குவம் அட்வான்ஸ் (வேக்குவத்தைக் கொண்டு டைமிங்கை முன்னே நகர்த்தும் அமைப்பு) ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, டைமிங் லைட் வைத்து மேனுவல் சொல்லும் டிகிரிக்கு வையுங்கள். கேஜில் அதிகபட்சம் வரும்வரை டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிக்கொண்டே போகும் பழக்கம் வேண்டாம். அப்படி வைத்தால் டைமிங் அளவுக்கு மீறி முன்னேறி, ஏற்றத்தில் நாக்கிங் கேட்கும்.

டைமிங் சரி என்றால் அடுத்தது லீக். மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, போர்ட்டை அடைத்துப் பாருங்கள்: பிரேக் பூஸ்டர், பி.சி.வி. (எஞ்சினின் அடிப்பக்க வாயுவை மேனிஃபோல்டுக்கு இழுக்கும் வால்வு), ஹீட்டர் கன்ட்ரோல், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் வேக்குவத்தால் இயங்கும் மாடுலேட்டர். எதை அடைத்ததும் முள் ஏறுகிறதோ அந்தப் பக்கம்தான் ஓட்டை. பி.சி.வி. மட்டும் விதிவிலக்கு: அது வழக்கமாகவே காற்று விடும் வழி என்பதால் அடைத்தால் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். வேக்குவம் அட்வான்ஸின் டயாஃப்ரத்தை (ரப்பர் சவ்வு) தனியாகக் கை பம்பில் 15 இன்ச் இழுத்துப் பாருங்கள். நிற்காமல் இறங்கினால் கிழிந்திருக்கிறது.

கார்புரேட்டர் அடி கேஸ்கெட், மேனிஃபோல்ட் கேஸ்கெட் ஓரங்களில் தண்ணீர் ஸ்பிரே செய்து, ஐடிலிங் மாறுகிறதா என்று கவனியுங்கள். கார்ப் கிளீனர் அடிக்கிறவர்கள் உண்டு. சூடான எக்ஸாஸ்டும் ஸ்பார்க்கும் பக்கத்திலேயே இருக்கும்போது அந்த விளையாட்டு எதற்கு? திராட்டில் ஷாஃப்ட்டின் இரு முனைகளையும் விட்டுவிடாதீர்கள். பழைய கார்புரேட்டர்களில் அங்கே தேய்மானம் சகஜம். புதுக் கேஸ்கெட் போட்டும் சரியாகாத கேஸ்களில் நான் அடுத்து சந்தேகிப்பது அதைத்தான். வி8 எஞ்சினில் மேனிஃபோல்டின் அடிப்பக்க லீக் வெளியே தெரியாது. அதற்கு பி.சி.வி., பிரீதர் (எஞ்சினுக்குள் காற்று வரும் வழி) இரண்டையும் அடைத்துவிட்டு, ஆயில் ஊற்றும் வாயில் உள்ளங்கையை வையுங்கள். கையை உள்ளே இழுத்தால் சந்தேகமே வேண்டாம்.

முள் ஒரே தாளத்தில் சில இன்ச் விழுந்து எழுந்தால் ஒரு வால்வு எரிந்திருக்கலாம். எப்போதாவது மட்டும் விழுந்தால் வால்வு ஒட்டுகிறது, அல்லது ஒரு பிளக் விட்டுவிட்டு எரிகிறது. கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டரின் அழுத்தத்தை அளப்பது) செய்யாமல் இதை முடிவாகச் சொல்ல முடியாது. ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று அழுத்தி விட்டால் நல்ல எஞ்சினில் முள் 2 வரை விழுந்து 25 வரை தாவும். பூஜ்யத்துக்கே விழுந்து 20 அருகில் நின்றுவிட்டால் பிஸ்டன் ரிங் தேய்மானம்.

2500 ஆர்.பி.எம்.மில் பிடித்து வைத்திருக்கும்போது முள் மெல்ல மெல்லச் சரிகிறதென்றால் எஞ்சினை விட்டுவிட்டு எக்ஸாஸ்டைப் பாருங்கள்: உள்ளே இடிந்த சைலன்சர், மூடியே சிக்கிக்கொண்ட ஹீட் ரைசர் வால்வு (குளிர்ந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட் சூட்டை மேனிஃபோல்டுக்குத் திருப்பும் தட்டு). பின்னதற்குப் பெரும்பாலும் ஊடுருவும் ஆயிலும் சின்னச் சுத்தியலும் போதும்.