வேர் நுனியைச் சாய்த்து வெட்டுவதா, நேராக வெட்டுவதா?

ரூட் கேனால் செய்த பல்லில் மறுபடி சீழ் கட்டினால், முதலில் அதையே திரும்பச் செய்து பார்ப்பார்கள். அதற்கு வழியில்லாதபோது ஈறைத் திறந்து வேர் நுனியை வெட்டி, வேருக்குள் ஓடும் குழலை (கேனால்) வெட்டிய நுனிப்பக்கமிருந்து அடைப்பார்கள். பழைய முறையில் சுமார் 45 டிகிரி சாய்த்து வெட்டினார்கள். மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்யும் இன்றைய நுண் அறுவையில் வெட்டு கிட்டத்தட்ட நேர்குறுக்காக இருக்கும். என் ஓட்டு நேர்வெட்டுக்கே. காரணம் வேருக்குள்ளேயே இருக்கிறது.

வேரின் பெரும்பகுதி டென்டின் என்ற கடினத் திசு. அதனுள் பல்கூழிலிருந்து வெளிப்பக்கமாக நுண்குழாய்கள் ஓடுகின்றன. கூழை ஒட்டி அவற்றின் அகலம் சுமார் 2.5 மைக்ரோமீட்டர், பல பாக்டீரியாக்களின் குறுக்களவு ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. மேலே வேரின் வெளியுறையான சிமென்டம் மூடியிருக்கும்வரை பயமில்லை. வெட்டியதும் குழாய்களின் வாய் திறந்துவிடும். சாய்வாக வெட்டினால் வெட்டுமுகம் பெரிது, திறக்கும் குழாய்களும் அதிகம். அதைவிட மோசம், உதட்டுப்பக்கம் பல்லின் தலையை நோக்கி ஏறிப்போகும் வெட்டில் திறக்கும் குழாய்கள் அடைப்பைத் தாண்டிக் கேனாலைத் தொடுகின்றன. கிருமி அந்த வழியாகக் கசியலாம். அதனால் சாய்வு கூடக்கூட அடைப்பையும் ஆழமாக வைத்தாக வேண்டும். நுனிப்பக்கம் குழாய்கள் குறைவு, வயதானால் பல அடைபட்டும் போகும் என்பது உண்மைதான். ஆகவே இளவயதினருக்குத்தான் இந்த வித்தியாசம் அதிகம் உறைக்கும்.

சரி, பிறகு ஏன் சாய்த்து வெட்டினார்கள்? பெரிய கைக்கருவியும் பெரிய கண்ணாடியும் நுழைய, கேனால் கண்ணில் பட, அதைத் தவிர வழியில்லை. அது டாக்டரின் வசதிக்கான கோணம், பல்லுக்கானதல்ல.

மேல்தாடை முதல் கடைவாய்ப்பல்லின் முன்கன்னப்பக்க வேரைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு கேனால்கள், நடுவே நூல்போல ஓர் இணைப்பு. நேராக வெட்டி மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைத் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அந்தக் கோடு நீலமாகத் தெரியும். அல்ட்ராசோனிக் (மீயொலியில் அதிரும்) முனையால் 3 மில்லிமீட்டர் ஆழம் சுத்தம் செய்து, எம்.டி.ஏ. என்ற சிமென்ட் போன்ற பொருளை வைத்து அடைக்கலாம். சாய்த்து வெட்டிப் பர் என்ற சுழலும் துளைமுனை கொண்டு குடைந்தால் அந்த இடுக்கு பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும்.

2010-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் பழைய முறைக்கு 59 சதவீத வெற்றி, நுண் அறுவைக்கு 94. இது கோணத்தால் மட்டும் வந்ததல்ல. மைக்ரோஸ்கோப், அல்ட்ராசோனிக், அடைப்புப் பொருள் எல்லாம் சேர்ந்தது. அதனால் மைக்ரோஸ்கோப் இல்லாத கிளினிக்கில் "நேராகத்தான் வெட்டுகிறோம்" என்று சொன்னால் அது போதாது. செலவு கூடினாலும், அந்த வசதியுள்ள எண்டோடாண்டிஸ்டிடம் (ரூட் கேனால் நிபுணரிடம்) போவதே மேல்.