இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சொட்டு

அக்கி வந்து போன பிறகு என் வலது கருவிழியில் உணர்ச்சியே இல்லை. புண் இருந்தும் வலிக்கவில்லை. அதுதான் ஆபத்தாம், நரம்பு சோர்ந்தால் புண்ணும் ஆறாது. மாதக்கணக்கில் செயற்கைக் கண்ணீர் விட்டுப் பார்த்து, அப்புறம்தான் செனெகெர்மின் சொட்டு மருந்துக்கு மாறினேன். பாக்டீரியா மூலம் தயாரித்த நரம்பு வளர்ச்சிப் புரதம் இது. அந்தப் புரதத்தைக் கண்டறிந்த ரீட்டா லெவி-மோண்டால்சினிக்கு 1986-இல் நோபல் கிடைத்தது.

மருந்தைவிடச் சடங்குதான் பெரிது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சொட்டாக நாளுக்கு 6 முறை, 8 வாரம். குப்பி ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். திறந்தால் 12 மணி நேரம்தான். குப்பியின் வாயில் அடாப்டரைப் பொருத்தி, துடைத்து, ஒவ்வொரு முறையும் புதுப் பைப்பெட்டால் உறிஞ்ச வேண்டும். முதல் நாள் நான் இழுத்தது வெறும் காற்றுக் குமிழ்.

மூன்றாம் வாரம் கண் வலித்தது. பயந்துபோய்க் கேட்டால், இந்த மருந்துக்கு அது சகஜம் என்றார் மருத்துவர். ஆறாம் வாரம் புண் மூடியது. தழும்பின் மங்கல் மட்டும் மிச்சம். விலையோ கண்ணைக் கட்டுகிறது. அலாரத்தை இன்னும் அணைக்கவில்லை.