கோழித் தண்ணீர்த் தட்டு: அந்த 35 நீங்கள் நினைக்கிற 35 இல்லை

வெள்ளவத்தையில் வீட்டுக்குப் பின்னால் கிடக்கிற துண்டு நிலத்தில் ஆறு கோழிகள் வளர்க்கிறேன். ஏப்ரல் வெக்கையில் அவை வாயைப் பிளந்து, இறகை அகட்டிக்கொண்டு நின்றதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கோழிக்கு வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே விடும். சாதாரண நாளில் கால் லீட்டர் போலக் குடிக்கிற முட்டைக்கோழி, இந்த வெக்கையில் அதில் இரண்டு மடங்கு கேட்கும். ஆனால் மத்தியானம் பேசினில் தண்ணீர் சுட்டுக் கிடந்தால் கிட்டவும் போகாது.

அந்த நேரம் பார்த்துப் புறக்கோட்டையில் ஒரு கடையில் இறக்குமதிச் சாமான் ஒன்றைக் காட்டினார்கள். வட்டமான உலோகத் தட்டு, மேலே தண்ணீர்க் குடுவையை வைக்க வேண்டும். “அண்ணா, 35 டிகிரியில் தானாக ஓன் ஆகும், தண்ணீரைச் சரியான பதத்தில் வைத்திருக்கும்” என்றார் கடைக்காரத் தம்பி. பெட்டியிலும் 35 என்றுதான் இருந்தது. அதையொட்டி விலைச் சீட்டு. 35-ஐத் தாண்டினால் குளிரவைக்கும் என்று நானே முடிவுகட்டினேன், அவரும் மறுக்கவில்லை. 18,500 ரூபா. தட்டின் அடியில் 120 வோல்ட் என்று போட்டிருக்கிறதே, நமக்கு வருவது 230 ஆயிற்றே என்றேன். அதற்கும் கைவசம் ஒன்று வைத்திருந்தார்: 6,000 ரூபாவுக்கு, 230 வோல்ட்டை 120 ஆகக் குறைக்கிற ஸ்டெப் டவுன் பெட்டி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதையும் வாங்கினேன்.

இரண்டு கிழமை ஓடியது. தண்ணீர் முன்னைப் போலவே சுட்டது. போன் எடுத்தால் “உள்ளுக்குள்ளே வேலை செய்யுது அண்ணா” என்றார்.

கடைசியில் கனடாவில் இருக்கிற மச்சானுக்கு வீடியோவில் காட்டினேன். அவன் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! அது தண்ணீர் உறையாமல் இருக்கச் சூடாக்குகிற தட்டாம். அங்கே மாரியில் கோழித் தண்ணீர் கட்டியாகிவிடும், குடிக்க இல்லாவிட்டால் கோழி முட்டையை நிறுத்திவிடும். மின்சாரம் இல்லாத கூடென்றால் காலையும் பின்னேரமும் இளஞ்சூட்டுத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ரப்பர் பேசின்தான் நல்லதாம், கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினால் ஐஸ் கழன்றுவிடும்.

விலைச் சீட்டை உரித்தேன். 35-க்குப் பக்கத்தில் பாரன்ஹைட். நம் கணக்கில் 2 பாகைக்கும் கீழே! கொழும்பில் அந்தக் குளிர் வர வேண்டுமென்றால் உலகம் தலைகீழாக வேண்டும். மனம் கேட்கவில்லை, தட்டைப் பிரிட்ஜின் மேல்தட்டில், ஐஸ் பெட்டிக்குள் வைத்து வயரை வெளியே விட்டேன். கொஞ்ச நேரத்தில் கையில் சூடு தெரிந்தது. சாமான் நல்ல சாமான்தான்.

கடைக்குப் போனால், பிளக் குத்திய சாமானைத் திருப்பி எடுக்க முடியாதாம். அவர் தந்த பில்லில் கடைப் பெயரும் இல்லை, சாமானின் பெயரும் இல்லை, “1 தட்டு” என்று மட்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு (தொலைபேசி இலக்கம் 1977) அழைக்கும் முன் கையில் ஒழுங்கான பில் இருக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. வாங்குகிறவர்கள் சீட்டை உரித்து, எழுத்தைப் படித்து, கடைப் பெயர் போட்ட பில்லைக் கேளுங்கள். கடையில் கூச்சப்பட்டால் வீட்டில் அழ வேண்டிவரும்.

இப்போது மாமர நிழலில் இரண்டு மண்சட்டி. காலையும் மத்தியானமும் தண்ணீர் மாற்றுகிறேன். சட்டி கசிந்து கசிந்து தண்ணீர் குளிர்ந்து நிற்கிறது, கோழிகளும் குடிக்கின்றன. இரண்டு சட்டிக்கும் ஆயிரம் ரூபாகூட ஆகவில்லை.

நுவரெலியாவில் ஜனவரி உறைபனிக்குள் கோழி வளர்க்கிற யாராவது இருந்தால் சொல்லுங்கள். தட்டைச் சும்மா தருகிறேன், ஸ்டெப் டவுன் பெட்டியும் சேர்த்து.