ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். பொட்டலம்: ஒரு மதிப்புரை

வாந்திபேதிக்கென்று வீட்டில் வாங்கி வைக்கும் பொருள்களில், ஒரு லிட்டர் தண்ணீருக்கான 20.5 கிராம் ஓ.ஆர்.எஸ். (உடல் இழந்த நீரை ஈடுசெய்யக் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்) பொட்டலத்தைப் போல மலிவாகவும் நம்பகமாகவும் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வாங்கும்போது உறையின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும்: சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9 என்றிருந்தால், அது உலகச் சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் கலவை. இதே பெயரைச் சூடிக்கொண்டு அட்டைப் பெட்டியில் வந்த பழச்சுவைப் பானங்களை (அவை இந்தப் பெயரைப் பயன்படுத்த 2025 அக்டோபரில்தான் இந்தியாவில் தடை வந்தது) இதற்கு மாற்றாகக் கொள்ள முடியாது. சர்க்கரை மிகுந்தால் பேதி கூடும்.

இத்தகைய கரைசலுக்கான பெரிய பரீட்சை 1971இல் நடந்தது. வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் போன்காவ் பகுதியில் குவிந்த அகதிகளிடையே காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்த நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் கரைத்துக் குழாய் வைத்த பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே கோப்பையில் பிடித்துப் புகட்டச் சொன்னார். 30 விழுக்காட்டை எட்டியிருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. காலரா நச்சு குடலிலிருந்து நீரை வெளியே தள்ளினாலும், குளுக்கோஸ் சோடியத்தையும் அதன் பின்னே நீரையும் உள்ளிழுக்கும் வழி கெடுவதில்லை என்பதே இதன் சூட்சுமம். ஆனாலும் மருத்துவர் செய்ய வேண்டிய வேலையை வீட்டார் கையில் ஒப்படைத்த துணிச்சலையே நான் பெரிதாக மதிக்கிறேன். பின்னாளில் ஹெய்ட்டியிலும் யேமனிலும் காலரா பரவியபோது, மருத்துவமனைக்கு வரும்வரை காத்திராமல் குடியிருப்புகளுக்கு அருகிலேயே கரைசல் கொடுக்கும் இடங்களைத் திறந்தது அந்தப் பாடத்தின் தொடர்ச்சிதான்; இன்று நோய் பரவும் இடங்களிலும் முதல் நாளே செய்ய வேண்டியது அதுவே.

குறைகளும் உண்டு. கரைசல் பேதியை நிறுத்தாது, இழந்த நீரை மட்டுமே ஈடுசெய்யும். இது தெரியாமல் பலர் பாதியில் கைவிடுகிறார்கள். கண் குழிந்து, மயங்கி, குடிக்க முடியாமல் கிடப்பவருக்கு இது போதாது, உடனே சலைன் ஏற்ற வேண்டும். நான் வாங்கிய பொட்டலத்தில் செய்முறை பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஒரே தடவையில் கரைக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது என்ற இரண்டு வரிகளையாவது தமிழில் பெரிதாக அச்சிட்டிருக்கலாம்.