படுத்துக் காத்திருப்பதா, ரத்த ஒட்டா?

சிசேரியன் முடிந்து வந்தவள் தலைவலி என்றால், காரைக்குடிப் பக்கத்து ஆச்சிமார் பலர் சொல்வது ஒன்றுதான்: தலையில் நீர் கோத்துவிட்டது, சுக்கை உரைத்துப் பற்றுப் போடு. அறுவைக்கு உடலை மரக்கச் செய்ய முதுகில் ஊசி போட்டதால் வரும் தலைவலியில் நடப்பதோ நேர்மாறு. தண்டுவடத்தைச் சுற்றி ஊசி துளைத்த சவ்வின் வழியே தண்டுவட நீர் கசிந்து, மூளையைத் தாங்கும் திரவம் குறைகிறது. எழுந்து உட்கார்ந்தால் நெற்றியும் பிடரியும் தெறிக்கும், படுத்தால் அடங்கும்.

துளை பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானே அடைபடும். அதுவரை பாராசிட்டமால், தண்ணீர், காபி என்று ஓட்டுவது முதல் வழி. கஃபீன் மூளையின் ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் வலி சற்று நேரம் தணியும். ஓட்டை அப்படியேதான் இருக்கும். டம்ளர் டம்ளராகக் குடித்தால் பால் குடிக்கும் பிள்ளையும் தூங்காது. படுக்கை வலிக்கு இதம், அவ்வளவே, கசிவை ஆற்றாது. பிள்ளை பெற்றவள் நாள்கணக்கில் அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து வேறு. 1898இல் தன் முதுகிலேயே இந்த ஊசியைச் சோதித்துப் பார்த்த ஜெர்மானிய மருத்துவர் ஆகஸ்ட் பியருக்கும் ஒன்பது நாள் தலைவலி. அவருக்குக் கைக்குழந்தை இல்லை, காத்திருந்தார்.

ரத்த ஒட்டு வேறு வகை. நோயாளியின் கையிலிருந்தே ஏறத்தாழ 20 மில்லி ரத்தம் எடுத்து, கசிவுக்கு அருகே சவ்வுக்கு வெளியே செலுத்துவார்கள். அது உறைந்து ஓட்டையை மூடும். 1960இல் கோர்ம்லி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் இரண்டு மூன்று மில்லியில் தொடங்கிவைத்த முறை இது. பலருக்குச் சில மணி நேரத்திலேயே எழுந்து உட்கார முடிகிறது. சிலருக்கு இரண்டாம் முறை தேவைப்படும். சில நாள் முதுகு வலிக்கும்; அரிதாகச் சவ்வில் மறுபடியும் துளை விழலாம். காய்ச்சலோ, ரத்தம் உறைவதில் கோளாறோ இருந்தால் கூடாது. ஊசி போட்ட முதல் இரண்டு நாளுக்குள் போட்டால் பலன் சற்றுக் குறைவு.

வலி தாங்கும் அளவில் இருந்தால் காத்திருக்கலாம். உட்கார்ந்து பாலூட்டவே முடியாதவளை வாரக்கணக்கில் பொறுத்துக்கொள்ளச் சொல்வது, என் பார்வையில், தேவையற்ற கொடுமை. ஒட்டுக்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம்; அனுபவமுள்ள மயக்கவியல் மருத்துவரும் சுத்தமான அறுவை அரங்கும் போதும். மதுரை வரை உட்கார்ந்தே பயணம் செய்யும் வேதனையை ஏற்குமுன், ஊசி போட்ட மருத்துவமனையிலேயே கேளுங்கள்.

படுத்தாலும் அடங்காத வலி, காய்ச்சல், வலிப்பு, இரட்டைப் பார்வை, கைகால் பலவீனம் என்றால் இந்த இரண்டையும் விட்டுவிட்டு அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும். மூளையின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம்.

அறுவைக்கு முன்பே கேட்க ஒரு கேள்வி உண்டு: போடப்போவது பென்சில் முனை ஊசியா? சவ்வை வெட்டும் முனையை விட இதில் இந்தத் தலைவலி வெகு குறைவு.